நடுக் கொக்கி

ஆவணி 4, புதன்

நர்ஸ் ஸ்டெல்லா வந்து போனார். ரத்த அழுத்தம் 110/70. எடை ஐம்பத்து மூன்று. பதினெட்டு வாரம். அவர் அட்டையில் எழுதியதை நான் இங்கேயும் எழுதிவைக்கிறேன். அட்டை தொலையலாம், என் நோட்டு இதுவரை தொலைந்ததில்லை.

கிளம்பும்போது சின்ன அறையை எட்டிப் பார்த்தார். "கோகிலா, இது வீடா, சைக்கிள் ஸ்டாண்டா? டோக்கன் ஏதும் குடுப்பீங்களா? பிரசவம் ஆனா நீ எங்க படுப்ப, சீட்டு மேலயா?" என்று கேட்டுவிட்டு நடந்தே போனார். அவருடைய மொபெட் பாதி நாள் மெக்கானிக் வீட்டில்தான் குடியிருக்கும்.

இவர் மில்லிலிருந்து வந்ததும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சாப்பிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "ரெண்டு போதும் அம்மணி. மீதிய ஓட்டறவிங்களாப் பார்த்துக் குடுத்தர்லாம்" என்றார்.

காங்கயத்தில் யாரைக் கேட்டாலும் சைக்கிள்காரர் சென்னியப்பன் என்றுதான் இவரைச் சொல்வார்கள். அரிசி மில் ஃபிட்டர் என்றால் தெரியாது. அப்படிப்பட்டவர், தட்டைக் கவிழ்க்கிற நேரத்தில் ஒன்பது சைக்கிளை விட்டுவிட்டார். எனக்கானால் ஒரு கிழிந்த கூடையைத் தூக்கிப் போட மூன்று நாள் வேண்டும்.

சரிங்க என்றேன். பிறகு இட்லி மாவுக்கு உப்பு இரண்டு முறை போட்டுவிட்டேன்.

ஆவணி 8, ஞாயிறு

இவருடைய அக்கா மரகதம் வெள்ளகோவிலிலிருந்து வந்தார். எனக்கு அம்மா இல்லாததால் பிரசவத்துக்கு அவர்தான் வந்து மூன்று மாதம் இருக்கப்போகிறார். அவர் தங்க வேண்டிய அறை சின்ன அறை.

"ஒருத்தன் பூமி வாங்குவான், ஒருத்தன் நகை வாங்குவான். என்ற தம்பி துருப்புடிச்ச கம்பி வாங்குவான்" என்றார் வாசலிலேயே.

"துருவெல்லாம் நான் எடுத்துட்டனேக்கா" என்றார் இவர்.

இன்று நோட்டைப் பார்த்துச் சரிபார்த்தோம். எட்டாவதோடு நின்றவள் நான். மீதியெல்லாம் நாள்காட்டித் தாளின் பின்பக்கம் படித்தும், கோயில் புத்தகங்களை எழுத்துக் கூட்டியும் வந்ததுதான். ஆனால் இருப்புப் பதிவேடு எழுத யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கட்டம் ஐந்து: எண், இடம், எடை, எங்கிருந்து வந்தது, யாருக்குக் கொடுத்தது. கடைசிக் கட்டம் இத்தனை வருடமாகக் காலியாக இருக்கிறது. எடை எல்லாம் மில்லில் மூட்டை நிறுக்கும் தராசில் இவரே போட்டுப் பார்த்தது.

மொட்டைமாடிக் கொட்டகையில் மூன்று. நடையில் இரண்டு. சின்ன அறைத் தரையில் ஐந்து. அதே அறையில், நடுக் கொக்கியில் தொங்குவது ஒன்று. லேடீஸ் சைக்கிள், பதினேழு கிலோ இருநூறு, ஈரோடு சந்தை. நோட்டில் எண் ஒன்று அதுதான்.

ஆவணி 15, ஞாயிறு

முதல் சைக்கிள் போயிற்று. எண் ஆறு, பெரிய கேரியர் வைத்தது. பால்காரர் குப்பண்ணனுக்கு.

இவர் ஒரு சட்டம் வைத்திருக்கிறார். வாங்குபவர் நடந்துதான் வர வேண்டும், ஓட்டிக்கொண்டுதான் போக வேண்டும். டெம்போவில் ஏற்றக் கூடாது. குப்பண்ணனை, "மூணு வீதி சுத்தீட்டு வாங்கண்ணா" என்று அனுப்பிவிட்டு வாசலில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். சைக்கிள் வீட்டைக் கடக்கும்போது பார்க்கவில்லை. காதை மட்டும் கொடுத்தார்.

"என்றா சென்னி, சாமி வந்துருச்சா?" என்றார் குப்பண்ணன் இறங்கி.

"பொறகால சக்கரத்துல ஒரு கம்பி பேசுதுங்க" என்று சொல்லிக் குந்தி உட்கார்ந்து, விரலால் ஒவ்வொன்றாக மீட்டி, அந்த ஒரு கம்பியைப் பிடித்து முறுக்கினார். முப்பத்தாறில் ஒன்று. எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் கேட்டது.

குப்பண்ணன் தெருமுனை திரும்பும்வரை நின்றார். பிறகு கை கழுவினார். முகத்தில் ஒன்றும் இல்லை. தன் கையால் பளபளப்பாக்கியதைத் தந்துவிட்டுக் கையைக் கழுவ ஒரு மனசு வேண்டும். கொடுத்தது யாருக்கு என்ற கட்டத்தில் முதல் பெயரை எழுதினேன்.

ஆவணி 22, ஞாயிறு

சந்திர கிரகணம். வயிற்றுப் பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில் எதையும் அறுக்கவோ கொடுக்கவோ வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இரண்டு பேர் வந்து திரும்பினார்கள்.

ஆவணி 28, சனி

கரிநாள். ஓவிய வாத்தியார் சபாபதி சாரைத் திருப்பி அனுப்பினேன். நாள்காட்டியில் சிவப்பாகவே போட்டிருக்கிறது.

புரட்டாசி 5, ஞாயிறு

மகாளய அமாவாசை.

"அமாவாசை நல்ல நாளுன்னு நீதான சொல்லுவ?" என்றார் இவர்.

"அது வாங்கறதுக்குங்க மாமா. குடுக்கறதுக்கு இல்ல."

பல் குச்சியைக் கடித்தார். பிறகு, "சிவன்மலை ஆண்டவன் உன்ற கனவுல வந்து சைக்கிளக் குடுக்காதன்னு சொன்னாரா? அப்படின்னாச் சொல்லு, ஒண்ணக் கொண்டுபோயிப் பெட்டிக்குள்ள வெச்சர்லாம்" என்றார். எங்கள் மலைக்கோயிலில் முருகன் யார் கனவிலாவது வந்து ஒரு பொருளைச் சொன்னால், அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூஜை செய்வது வழக்கம். அதைத்தான் கிண்டல் செய்கிறார்.

"பெட்டிக்குள்ள சைக்கிள் நுழையாதுங்க" என்றேன்.

"கழட்டிக் குடுக்கறேன்."

சாமி விஷயத்தில் சிரிக்கக் கூடாதுதான். சிரித்துவிட்டேன். கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

புரட்டாசி 15, புதன்

ஆயுத பூஜை. வாரநாளில் மில்லாட்கள் வந்து கேட்டு வாங்கிப் போனதில் நான்கு குறைந்துவிட்டது. அந்த நேரம் நான் தூங்கிக்கொண்டிருந்தேன், எழுப்பவில்லை. பால்காரருடையதையும் சேர்த்து ஐந்து போக, மிச்சம் ஆறு.

ஆறுக்கும் சந்தனம் கரைத்தேன். போன வருடம் கிண்ணம் நிறைய. இந்த வருடம் கால் கிண்ணம். தரையில் இருந்த ஐந்துக்கும் பொட்டு வைத்தேன். கொக்கியில் இருப்பதை ஒவ்வொரு வருடமும் இவர் கப்பியைத் தளர்த்தி என் கை எட்டும் உயரத்துக்கு இறக்குவார். இன்று கயிற்றில் கை வைத்தார்.

"எறக்க வேண்டாங்க மாமா."

முக்காலி போட்டு ஏறி, கிண்ணத்தை இடது கையில் வைத்துக்கொண்டு, ஹேண்டில்பாரில் மூன்று பட்டை, மேலே குங்குமம், எல்லாம் தானே வைத்தார். பட்டை கோணலாக இருந்தது. அழித்துத் திரும்ப வைத்தார்.

புரட்டாசி 26, ஞாயிறு

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் டெம்போவோடு வந்தார். புதிதாக ஓட்டல் கட்டுகிறாராம். எண் மூன்று, கேஸ் விளக்கு வைத்த பழைய ராலி சைக்கிளைச் சுவரில் மாட்டி அதன்மேல் விளக்குப் போட வேண்டுமாம். அவர் சொன்ன தொகையை இங்கே எழுதவில்லை; எழுதினால் ஆசை வரும்.

"ஓடறத நிறுத்தி ஆணியில மாட்டறதுக்கு நான் குடுக்கறதில்லீங்க" என்றார் இவர்.

அவர் உள்ளே கையைக் காட்டினார். "இதென்ன சார், உங்க வீட்லயே ஒண்ணு தொங்குதே? அதுக்கு மட்டும் வேற சட்டமா?"

இவர் பதினோரு சைக்கிளைப் பற்றி ஊரே என்னென்னவோ சொன்னபோதெல்லாம் சிரித்துப் பதில் சொன்னவர். இன்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. அடுக்களையிலிருந்து, "இன்னிக்குக் கரிநாளுங்க. எதும் வெளிய போகக் கூடாதுங்க" என்று சொல்லிவிட்டேன்.

டெம்போ காலியாகத் திரும்பியது.

கரிநாள் என்று சொன்னது என் வாயில் வந்துவிட்டது. சாயங்காலம் விளக்கேற்றும்போது முருகனிடம் சொல்லிவிட்டேன்.

ஐப்பசி 2, ஞாயிறு

ராலி, சபாபதி சாருக்கு. முழங்கால் வலியோடு மூன்று வீதி சுற்றிவிட்டு வந்து, "வலிக்கலையேய்யா" என்று பள்ளிக்கூடப் பையன்போல நின்றார். இவர் சீட்டை அரை அங்குலம் ஏற்றிக் கொடுத்தார்.

நாளை தீபாவளி. அதிரசம் முப்பத்திரண்டு. உதிர்ந்தது நான்கு.

ஐப்பசி 17, திங்கள்

இன்று எழுத ஒன்றுமில்லை. இவர் மில்லுக்குப் போகவில்லை.

ஐப்பசி 18, செவ்வாய்

விடிந்தது. காலை ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் பிள்ளை ஒன்பது முறை உதைத்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போட்டு எண்ணினேன்.

கார்த்திகை 14, ஞாயிறு

போன இரண்டு வாரத்தில் மூன்று போயிற்று. நான் நாள் எதுவும் பார்க்கவில்லை. ஐப்பசி பதினேழு தாண்டியபிறகு கொஞ்சம் தைரியம். அறைத் தரை காலி. கழுவிவிட்டோம். இத்தனை பெரிய அறை என்று எனக்கே மறந்திருந்தது. இவர் மில்லுக்குப் போகிற சைக்கிள் நடையில் நிற்கிறது. அதுவும் கொக்கியில் இருப்பதும்தான் மிச்சம்.

மரகதம் அக்கா துணிமணியோடு வந்து அறையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது, மேலே பார்த்ததும் சுருங்கியது.

"இதென்றா இது, தலைக்கு மேல? பச்சப்புள்ள இருக்கற எடத்துல? எறக்கு மொதல்ல."

"அது இருக்கட்டுமுங்க்கா."

"விழுந்தா?"

"விழுகாது."

"எப்பத்தான் எறக்குவ?"

"பொறந்த பொறவு."

அக்கா என்னைப் பார்த்தார். "ஒம்பதையும் வித்துப்போட்டு ஒண்ண உத்தரத்துல கட்டித் தொங்க உட்டுருக்கறான் பாரு. பைத்தியம் தெளிஞ்சுதுன்னு நெனச்சேன். நீயாச்சும் சொல்லக் கூடாதா கோகிலா? கட்டுனவன அடக்கத் தெரியலியே உனக்கு."

இவர் சிரித்துக்கொண்டே அக்காவின் பையை வாங்கி உள்ளே வைத்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

கார்த்திகை 15, திங்கள்

அக்கா கோயிலுக்குப் போயிருக்கிறார். இவர் மில்லில். இதை இப்போது எழுதாவிட்டால் எழுதமாட்டேன்.

அந்தக் கொக்கி சைக்கிளுக்காக அடித்தது அல்ல.

ஆறு வருடத்துக்கு முன்னால், ஏழாம் மாதத்தில், தூளி கட்ட ஒரு கொக்கி வேண்டும் என்று நான்தான் இவரை நச்சரித்தேன். பிறந்தபிறகு பார்க்கலாம் என்றார். கேட்கவில்லை. அடித்துக் கொடுத்தார். என் நீலச் சேலையைக் கட்டி, எவ்வளவு தாழ வருகிறது என்று பார்த்தேன். அளவு பார்க்கத்தான் கட்டினேன். அப்புறம் கையால் ஒரு தடவை ஆட்டிவிட்டேன். காலித் தூளியை ஆட்டக் கூடாது என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆசை. ஒரே ஒரு தடவை.

ஒன்பதாம் நாள், ஐப்பசி 17.

தூளி ஆடியதை இவர் ஒருவர்தான் பார்த்தார். பிள்ளை போனதற்கு டாக்டர் வேறு காரணம் சொன்னார். ரத்த அழுத்தம் என்றார். அதனால்தான் இந்த முறை 110/70 என்று எழுதும்போதெல்லாம் சாமி கும்பிட்டுக்கொள்கிறேன். ஆனாலும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்தபோது என் கண்ணுக்குக் கொக்கி மட்டும்தான் தெரிந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன். எத்தனை நாள் அப்படிக் கிடந்தேன் என்று என் நோட்டில் இல்லை. அந்தப் பக்கங்களில் எதுவுமே இல்லை.

ஒரு வாரம் கழித்து, ஐப்பசி 24 அன்று, இவர் ஈரோட்டிலிருந்து ஒரு லேடீஸ் சைக்கிளோடு வந்தார். கப்பி போட்டு அந்தக் கொக்கியில் ஏற்றினார். "கீழ எடமில்ல அம்மணி" என்றார். அப்போது வீட்டில் வேறு சைக்கிள் ஒன்று மட்டும்தான். இடம் நிறைய இருந்தது.

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரியாதது நேற்றுச் சாயங்காலம்தான் தெரிந்தது. அக்கா சொன்னது மனசில் உறுத்த, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த இவரிடம் போய், "என்னாலதான உங்களுக்கு இந்தப் பேச்சு?" என்றேன்.

"எந்தப் பேச்சு?"

"பைத்தியம்ன்னு."

"அது பழசாச்சே." கத்தியைக் கீழே வைத்தார். "ஒரே ஒரு சைக்கிள் உத்தரத்துல தொங்குனா, வர்றவிங்க எல்லாம் ஏன் ஏன்னு கேப்பாங்க. நீ பதில் சொல்லோணும். பத்துப் பதினொண்ணு இருந்துச்சுன்னா ஆரும் கேக்க மாட்டாங்க. சென்னிக்குச் சைக்கிள் பைத்தியம்ன்னு போயிருவாங்க. அதுக்குத்தான் வாங்க ஆரம்பிச்சேன். அப்பறம் நெசமாவே புடிச்சுப்போச்சு, அது வேற."

வெங்காயத்தை எடுத்து உரித்தேன். கண்ணில் நீர் வர வெங்காயம் வசதி.

"இன்னொண்ணு" என்றார். "புரட்டாசி இருவத்தாறு கரிநாள் இல்ல."

"எப்பப் பார்த்தீங்க?"

"அன்னிக்கே. டெம்போ போன ஒடனே. நீ நாள் தள்ளித் தள்ளிப் போட்டப்பவே எனக்குத் தெரியும், ரூம்பு காலியாகறது உனக்குப் பயம்ன்னு. அதான் உன்னக் கேக்காம ஒவ்வொண்ணா வெளிய அனுப்புனேன். கொக்கி காலியாகாது. அதுல நான் இருக்கறன்ல?"

அதில் சைக்கிள் இருக்கிறது என்று சொல்ல வந்தார் போலிருக்கிறது. நான் திருத்தவில்லை.

அக்காவிடம் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம் அம்மணி. அவளுக்குத் தம்பியத் திட்டாட்டிச் சோறு எறங்காது" என்றார்.

இத்தனை வருடம் இந்த மனிதரோடு ஒரே வீட்டில் இருந்து எடையும் எண்ணும் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மார்கழி 3, வியாழன்

ஸ்டெல்லா வந்தார், நடந்துதான். மொபெட்டுக்கு இந்த முறை என்ஜினே போய்விட்டதாம். 118/76. தலை கீழே திரும்பிவிட்டது.

இவர் அவருக்காகவே மில்லில் அரை நாள் லீவு போட்டிருந்தார். மேலே காட்டி, "சிஸ்டர், அது உங்களுக்கு. ஆனா இப்ப இல்ல. கொழந்த பொறந்து ஊட்டுக்கு வர்ற அன்னிக்கு" என்றார்.

ஆறு வருடத்துக்கு முன்னாலும் அட்டை எழுதியவர் ஸ்டெல்லா. மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார். பையை மூடிக்கொண்டே, "அப்ப இனி வாராவாரம் வந்து பார்க்கணும். என் சைக்கிள் பத்திரமா வெளிய வரணுமில்ல?" என்று என் வயிற்றைத் தட்டினார்.

மரகதம் அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஓசிக்குக் குடுக்கறதுல எதுக்குடா நாளு நச்சத்திரம்?" என்றார்.

மார்கழி 20, ஞாயிறு

ஸ்டெல்லா: "என் சைக்கிள் எப்படி இருக்கு?" நான்: "உதைக்குதுங்க." 120/80. உப்பைக் குறைக்கச் சொன்னார். குறைத்துவிட்டேன்.

மார்கழி 29, செவ்வாய்

130/86. உப்பில்லாத ரசம். இவரும் அதையே குடித்தார். அக்கா மட்டும் ஊறுகாய்.

தை 7, புதன். ஆஸ்பத்திரியில்

ஞாயிறு காலை எட்டு இருபதுக்குப் பெண் குழந்தை. இரண்டு கிலோ எழுநூற்றைம்பது. பிறந்தவுடன் அழவில்லை. எத்தனை நேரம் என்று எண்ண முயன்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக எண் மறந்துவிட்டது. பிறகு அழுதாள்.

இவரை உள்ளே விட்டபோது கண்ணை மூடிக்கொண்டு நின்றார். காதை மட்டும் கொடுத்தார்.

"எப்படிங்க இருக்குது?" என்றேன்.

"எந்தக் கம்பியும் லூசில்ல" என்றார்.

தை 9, வெள்ளி

வீட்டுக்கு வந்தோம். அக்கா ஆரத்தி எடுத்தார். ஸ்டெல்லா எங்களுக்கு முன்பே வந்து வாசலில் நின்றிருந்தார், நடந்து வந்த செருப்போடு.

சின்ன அறைக்குள் எல்லோரும் போனோம். குழந்தை அக்கா மடியில். நான் கட்டிலில். இவர் முதலில் என்னைப் பார்த்தார். தலையாட்டினேன். கப்பியைத் தளர்த்தினார். சைக்கிள் மெல்ல இறங்கியது. ஆயுத பூஜைக்கு வைத்த கோணல் பட்டை காய்ந்து அப்படியே இருந்தது. ஸ்டெல்லா கீழே நின்று இரண்டு கையாலும் வாங்கினார். சக்கரம் தரையைத் தொடுவதற்குள் இவர் முக்காலியில் ஏறி, தோளில் போட்டிருந்த நீலச் சேலையைக் கொக்கியில் போட்டு முடிச்சிட்டுவிட்டார். பெட்டியின் அடியில் நான் வைத்திருந்த அதே சேலை. எப்போது எடுத்துத் துவைத்தார் என்று தெரியவில்லை; சீயக்காய் வாசம் வந்தது.

கொக்கி ஒரு நொடிகூடக் காலியாக இருக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

அக்கா குழந்தையைக் கொண்டுவந்து தூளிக்குப் பக்கத்தில் தயங்கினார். கொக்கியைப் பார்த்தார். "தாங்குமாடா?" என்றார்.

"ஆறு வருசமாத் தாங்கீட்டுத்தானக்கா இருக்குது" என்றார் இவர்.

குழந்தையைப் போட்டார்கள். யாரும் ஆட்டவில்லை. அவளாகவே கால் உதறியதில் தூளி கொஞ்சம் அசைந்தது.

வாசலில் ஸ்டெல்லா மூன்று வீதி சுற்றப் போய்விட்டார். மணியை அடித்துக்கொண்டே போனது உள்ளே கேட்டது. இவர் காது கொடுக்க வெளியே போகவில்லை. தூளிப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

மத்தியானம் எல்லோரும் படுத்தபின் நோட்டை எடுத்தேன். எண் ஒன்றுக்கு நேரே, யாருக்குக் கொடுத்தது: நர்ஸ் ஸ்டெல்லா. அதோடு அந்தப் பட்டியல் முடிந்தது. கீழே ஒரு வரி விட்டுப் புதிதாக எழுதினேன்.

எண்: ஒன்று. இடம்: நடுக் கொக்கி. எடை: இரண்டு கிலோ எழுநூற்றைம்பது. எங்கிருந்து வந்தது: சிவன்மலை.

கடைசிக் கட்டத்தில் மட்டும், யாரும் எதுவும் எழுத முடியாதபடி, பேனாவை அழுத்திக் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டேன்.